கால்குலேட்டர் காட்டும் விடையும் திட்ட மதிப்பீடும்

வளர்ச்சித் திட்டங்களுக்கு ஒதுக்கக்கூடிய பணம் அளவுக்கு உட்பட்டது. அதனை நாடி வரும் திட்டங்களோ பல. எந்தத் திட்டத்தை ஏற்பது, எதனை ஒதுக்குவது, எதனைத் திருத்தி அனுப்பச் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு அலுவலர்களுக்கு உண்டு. இந்த முடிவுக்குத் துணையாக நிற்கும் எண்களுள் ஒன்று ‘அக வருவாய் வீதம்’ என்பதாகும். முன்பு பக்கம் பக்கமாகக் கணக்கிட்டுப் பெற்ற இந்த எண்ணை, இன்று கையடக்கக் கால்குலேட்டர் சில நொடிகளில் திரையில் காட்டிவிடுகிறது. கருவி காட்டிய அந்த எண்ணுக்குப் பொருள் என்ன, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் இளம் அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் திட்ட மதிப்பீடு பற்றிப் பாடம் நடத்தும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வகுப்பில் இருந்த அனைவருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தேன். அனைவரிடமும் இருந்தது ஒரே வகையான வரைபடக் கால்குலேட்டர். சமன்பாட்டை அனைவரும் சரியாகவே பதிவு செய்தனர். ஆயினும் முன்வரிசையில் இருந்த ஒருவர் 5 விழுக்காடு என்றார். அவருக்கு அடுத்து அமர்ந்திருந்தவர் 60 விழுக்காடு என்றார். முன்னவர் திட்டத்தை நிராகரிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தார். பின்னவர் உடனே அனுமதிக்கலாம் என்று எழுதியிருந்தார். கருவி பழுதடைந்துவிட்டது என்று இருவருமே கருதினர். உண்மையில் கருவியில் பழுது ஏதும் இல்லை. இரு விடைகளும் கணக்கின்படி சரியானவை. பிழை இருந்தது அவற்றுக்குப் பொருள் கொண்ட முறையில்தான். அந்தக் கணக்கைப் பின்னர் காண்போம்.

கருவியின் வரலாறு

கையடக்கக் கருவி ஒன்றில் எந்தச் சமன்பாட்டையும் தீர்ப்பதற்கென்று தனி விசை அமைந்தது 1979ஆம் ஆண்டில் ஆகும். ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட எச்பி-34சி என்ற கருவியில் இவ்வசதி இருந்தது. எண்முறைக் கணிதத்தில் பெயர்பெற்ற பேராசிரியர் வில்லியம் கஹான் இதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். 1981இல் வெளிவந்த எச்பி-12சி, நிதித்துறையினருக்காகவே அமைக்கப்பட்டது. அக வருவாய் வீதத்தைக் கணக்கிடத் தனி விசையை அது கொண்டிருந்தது. 1985இல் காசியோ நிறுவனம் எஃப்எக்ஸ்-7000ஜி என்னும் முதல் வரைபடக் கால்குலேட்டரை வெளியிட்டது. 1996இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-83 வந்தது. வரைபடம் வரைதல், சமன்பாடு தீர்த்தல் ஆகிய இரண்டும் அதில் ஒருங்கே இருந்தன. சமன்பாடு தீர்க்கும் பகுதிக்குச் ‘சால்வர்’ என்று பெயர். கணிப்பொறியில் நாம் இன்று பயன்படுத்தும் விரிதாள்களும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. ஆகவே கீழே கூறப்படுபவை விரிதாள்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சமன்பாடு எங்கிருந்து வருகிறது?

இன்று கையில் உள்ள 100 ரூபாயும் ஓராண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயும் சமமல்ல. பின்னால் வரும் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காண வேண்டும். அவ்வாறு குறைக்கும் வீதமே ‘கழிவு வீதம்’. வருங்கால வரவுகள், செலவுகள் அனைத்தையும் இவ்வாறு இன்றைய மதிப்புக்கு மாற்றி, வரவிலிருந்து செலவைக் கழித்தால் கிடைப்பது ‘நிகர நடப்பு மதிப்பு’. இதனைச் சரியாகச் சுழியமாக்கும் கழிவு வீதம் எதுவோ, அதுவே அக வருவாய் வீதம். இர்விங் ஃபிஷர் 1930இலும் கெய்ன்ஸ் 1936இலும் தம் நூல்களில் விளக்கிய கருத்துகளின் வழி இது பொருளியலில் வேரூன்றியது.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு குழாய்க் கிணறு அமைக்க இன்று ரூ. 10 இலட்சம் செலவாகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுதோறும் ரூ. 4 இலட்சம் நிகர வரவு கிடைக்கிறது. அதன் பின் ஏதும் இல்லை. இதன் அக வருவாய் வீதம் என்ன?

இருபடிச் சமன்பாட்டுக்குப் பள்ளியில் கற்ற சூத்திரம் உண்டு. இக்கணக்கு முப்படிச் சமன்பாடாக அமைகிறது. இருபது ஆண்டுத் திட்டமாயின் இருபதாம் படிச் சமன்பாடு வரும். ஐந்தாம் படியிலிருந்து மேற்பட்ட சமன்பாடுகளுக்குப் பொதுவான இயற்கணிதச் சூத்திரம் கிடையாது. ஆகவே கருவி சூத்திரத்தைக் கொண்டு விடை காண்பதில்லை. அது ஒரு மதிப்பை ஊகித்து, இட்டுப் பார்த்து, திருத்திக்கொண்டே செல்கிறது. இதனை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

குழாய்க் கிணற்றுக் கணக்கில் 5 விழுக்காட்டை இட்டால் நிகர நடப்பு மதிப்பு சுமார் ரூ. 89,300 மிகுதியாக வருகிறது. 15 விழுக்காட்டை இட்டால் சுமார் ரூ. 86,700 குறைவு. ஒன்று மிகை, மற்றொன்று குறை. எனவே சுழியம் இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. நடுவில் உள்ள 10 விழுக்காட்டை இட்டால் ரூ. 5,260 குறைவு, எனவே விடை 5க்கும் 10க்கும் இடையே உள்ளது. 7.5 விழுக்காட்டில் ரூ. 40,200 மிகுதி, எனவே 7.5க்கும் 10க்கும் இடையே. இவ்வாறு இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துச் செல்வது ‘இருகூறிடும் முறை’. இருபது முறை பாதியாக்கினால் 10 விழுக்காட்டு இடைவெளி பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். விடை 9.701 விழுக்காடு.

நியூட்டன் முறை என்பது இன்னொன்று. வளைகோட்டின் ஒரு புள்ளியில் தொடுகோடு வரைந்து, அத்தொடுகோடு அச்சை வெட்டும் இடத்தை அடுத்த ஊகமாகக் கொள்வது அம்முறை. அது விரைவானது, ஆனால் புறப்படும் இடம் தவறினால் வழி தவறிவிடும். பல கருவிகள் இத்தகைய முறைகளைக் கலந்து பயன்படுத்துகின்றன.

திரையில் காணும் செய்திகள்

சால்வரைப் பயன்படுத்தும்போது கருவி நம்மிடம் இரண்டைக் கேட்கிறது. நமக்கு இரண்டைத் தருகிறது. கேட்பவை, தொடக்க ஊகமும் தேட வேண்டிய எல்லைகளும் ஆகும். தருபவை, விடையும் எச்சமும் ஆகும்.

தொடக்க ஊகம் என்பது கருவி தேடலைத் தொடங்கும் இடம். பொதுவாக அதற்கு அருகில் உள்ள விடையையே கருவி முதலில் அடைகிறது. ஊகத்தை நாம் தரவில்லை என்றால், கருவி தன்னிடம் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளும். முந்தைய கணக்கில் எஞ்சிய எண்ணே அடுத்த கணக்கின் ஊகமாக அமைந்துவிடுவதும் உண்டு. பெரிதும் பயன்படும் விரிதாள் ஒன்றில் அக வருவாய் வீதத்தைக் கேட்டால், நாம் ஏதும் கூறாதபோது அது 10 விழுக்காட்டிலிருந்து தொடங்குகிறது.

எல்லைகள் நாம் குறுக்காவிடில் மிகப் பரந்தவையாக இருக்கும். டிஐ-83இல் எல்லை, 1க்குப் பின் 99 சுழியங்கள் கொண்ட எண் வரை, இரு திசையிலும் விரிகிறது. கழிவு வீதத்துக்கு இப்பரப்பு பொருளற்றது. குழாய்க் கிணற்றுக் கணக்கையே எடுத்துக்கொண்டால், வீதம் −100 விழுக்காட்டைக் கடக்கும் இடத்தில் மதிப்பு ஒரு பக்கம் மேல்நோக்கி எல்லையின்றி ஏறுகிறது. மறுபக்கம் கீழ்நோக்கி எல்லையின்றி இறங்குகிறது. குறி மாறுகிறது, ஆனால் அங்கே சுழியம் இல்லை. குறி மாற்றத்தை மட்டுமே தேடும் கருவி இவ்விடத்தில் ஏமாறக்கூடும். எல்லைகளை 0 முதல் 100 விழுக்காடு என்று குறுக்கிவிட்டால் இத்தொல்லை எழாது.

எச்சம் என்பது, கண்ட விடையைச் சமன்பாட்டில் இட்டபோது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எஞ்சும் வேறுபாடு. டிஐ-83 இதனை விடைக்குக் கீழே தனி வரியில் காட்டுகிறது. அது சுழியமாக இருந்தால் நன்று. பல நேரங்களில் ‘2 ஈ −12’ என்பது போன்ற ஒன்று தோன்றும். இதனை 2 என்று படித்துவிட்டு, விடை தவறு என்று முடிவு செய்யும் மாணவர்கள் பலர். ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் அதனை அடுத்த எண்ணும் பத்தின் அடுக்கைக் குறிக்கின்றன. 2 ஈ −12 என்றால் புள்ளிக்குப் பின் பதினொரு சுழியங்களும் அதன் பின் 2உம் ஆகும். கருவி குறிப்பிட்ட இலக்கங்கள் வரைதான் எண்களை வைத்துக்கொள்ள முடியும் என்பதால் இந்த நுண்ணிய எச்சம் தோன்றுகிறது. இது பிழையன்று.

ஆனால் எச்சத்தை அலகோடு சேர்த்தே படிக்க வேண்டும். தொகைகளைக் கோடி ரூபாயில் பதிந்திருந்தால், எச்சம் 0.00001 என்பது 100 ரூபாய். கோடிக் கணக்கான திட்டத்தில் அது பொருட்டன்று. எச்சம் 3 என்றோ 40 என்றோ இருந்தால், கருவி விடையைக் காணவில்லை என்றே கொள்ள வேண்டும்.

விடையின் இலக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். திரை 9.701 என்று காட்டுகிறது. இன்னும் ஆறு இலக்கங்களையும் காட்டும். குழாய்க் கிணற்றின் செலவு 10 இலட்சத்துக்குப் பதில் 11 இலட்சம் ஆகிவிட்டால் வீதம் சுமார் 4.5 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. செலவு மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு தவறுவது நாம் அன்றாடம் காணும் நிகழ்ச்சி. அந்நிலையில் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்களைக் கோப்பில் எழுதுவது நமக்கு இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும்.

ஒரு கணக்கு, இரு விடைகள்

இனி வகுப்பில் கொடுத்த கணக்குக்கு வருவோம். ஒரு சுரங்கத் திட்டம். எளிமைக்காகப் பல ஆண்டுகளை மூன்று கட்டங்களாகச் சுருக்கி, ஓராண்டு இடைவெளியில் வைத்துக்கொள்வோம். இன்று முதலீடு ரூ. 100 கோடி. அடுத்த ஆண்டு நிகர வரவு ரூ. 265 கோடி. அதற்கு அடுத்த ஆண்டு சுரங்கத்தை மூடி, குழிகளை நிரப்பி, நிலத்தைச் சீர்செய்து, நீர்நிலைகளைப் பாதுகாக்க ரூ. 168 கோடி செலவு.

முன்பு கண்ட குழாய்க் கிணற்றில் செலவு முதலில், வரவு பின்னர். குறி ஒரே ஒரு முறை மாறியது. இங்கோ செலவு, வரவு, மீண்டும் செலவு என்று குறி இரு முறை மாறுகிறது. சமன்பாடு ஒன்றின் மிகை மூலங்களின் எண்ணிக்கை, அதன் உறுப்புகளில் நிகழும் குறி மாற்றங்களின் எண்ணிக்கைக்கு மேற்படாது என்பது 1637இல் தேக்கார்த்து வெளியிட்ட விதி. குறி ஒரு முறை மாறினால் ஒரே விடை. இரு முறை மாறினால் இரண்டு விடைகள் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

இச்சுரங்கத்தின் நிகர நடப்பு மதிப்பைப் பல வீதங்களில் காண்போம். சுழிய வீதத்தில் ரூ. 3 கோடி இழப்பு. 5 விழுக்காட்டில் சரியாகச் சுழியம். 12 விழுக்காட்டில் ரூ. 2.68 கோடி மிகுதி. 25 விழுக்காட்டில் ரூ. 4.48 கோடி மிகுதி. 60 விழுக்காட்டில் மீண்டும் சுழியம். 70 விழுக்காட்டில் ரூ. 2.25 கோடி இழப்பு. வரைபடத்தில் இது குன்றைப் போல் ஏறி இறங்கும் வளைகோடாகத் தோன்றும். அக்குன்று அச்சை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. சுழியத்துக்கு அருகில் ஊகத்தைக் கொடுத்தவருக்கு 5 கிடைத்தது. 50க்கு அருகில் கொடுத்தவருக்கு 60 கிடைத்தது.

குன்றின் உச்சிக்கு அருகில் ஊகத்தைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் விந்தையாகும். அங்கே தொடுகோடு ஏறக்குறையப் படுகிடையாக இருப்பதால், நியூட்டன் முறையில் செல்லும் கருவி வெகு தொலைவுக்குத் தூக்கி எறியப்படுகிறது. 30 விழுக்காட்டில் தொடங்கினால் அடுத்த ஊகம் 145. அதற்கு அடுத்தது 52. பின்னர் 60ஐ நெருங்குகிறது. 25 விழுக்காட்டில் தொடங்கினாலோ முதல் அடியிலேயே −159 விழுக்காடு என்ற பொருளற்ற இடத்துக்குப் போய்விடுகிறது. ஊகத்தில் 5 விழுக்காடுதான் வேறுபாடு. போய்ச் சேரும் இடமோ முற்றிலும் வேறு.

இத்தகைய சிக்கல் புதிதன்று. 1955இல் லோரி, சாவேஜ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் எண்ணெய்க் கிணற்றுப் பம்பு ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்தனர். 1,600 டாலர் செலவில் பெரிய பம்பைப் பொருத்தினால், முதலாண்டில் 10,000 டாலர் கூடுதலாகக் கிடைக்கும். எண்ணெய் முன்னதாகவே எடுக்கப்பட்டுவிடுவதால் இரண்டாம் ஆண்டில் 10,000 டாலர் குறையும். இதன் அக வருவாய் வீதம் 25 விழுக்காடு, 400 விழுக்காடும்தான். வாசகர்கள் தாமே இட்டுப் பார்த்து இதனைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

‘விடை இல்லை’ என்ற செய்தி

சில நேரங்களில் விடைக்குப் பதிலாக, ‘குறி மாற்றம் இல்லை’ என்று பொருள்படும் பிழைச் செய்தி தோன்றுகிறது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, உண்மையிலேயே விடை இல்லை. சுரங்கத்தின் வரவு ரூ. 220 கோடி, மூடும் செலவு ரூ. 125 கோடி என்று மாற்றிப் பாருங்கள். எந்த வீதத்திலும் குறைந்தது ரூ. 3.2 கோடி இழப்பு. வளைகோடு அச்சைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது, விடை உண்டு; ஆனால் வளைகோடு அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. வரவு 220, மூடும் செலவு 121 என்றால் 10 விழுக்காட்டில் மட்டும் மதிப்பு சுழியம். இரு பக்கத்திலும் இழப்பு. குறி மாறாததால் கருவி அதனைக் காணத் தவறலாம்.

மூன்றாவது, நாம் தந்த எல்லைகள் பொருந்தவில்லை. முதலில் கண்ட சுரங்கத்துக்கு எல்லைகளை 0 முதல் 100 என்று கொடுத்தால், ஒரு முனையில் ரூ. 3 கோடி இழப்பு, மறுமுனையில் ரூ. 9.5 கோடி இழப்பு. இரண்டும் ஒரே குறி. இரு முனைகளை மட்டும் நோக்கும் கருவி, இடையே இரண்டு விடைகள் இருந்தும், ஒன்றும் இல்லை என்று கூறிவிடும்.

ஆகவே விடை இல்லை என்ற செய்தியைத் திட்டம் தகுதியற்றது என்று மொழிபெயர்த்துக்கொள்ளக் கூடாது. எச்பி-12சி கருவி, கணக்கு சிக்கலானது என்று கண்டால் பிழை எண் ஒன்றைக் காட்டி, ஓர் ஊகத்தைத் தருமாறு நம்மிடமே திருப்பி அனுப்பிவிடுகிறது. அறியாததை அறியாதது என்று காட்டும் இப்பண்பு பாராட்டத்தக்கது.

எது சரி?

சுரங்கத் திட்டத்தை ஏற்பதா, வேண்டாமா? அரசு எதிர்பார்க்கும் குறைந்த அளவு வீதம் 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 5 என்பது 12ஐ விடக் குறைவு, எனவே நிராகரிக்கலாம் என்பதும், 60 என்பது 12ஐ விட மிகுதி, எனவே ஏற்கலாம் என்பதும் இரண்டுமே தவறான வாதங்கள். ‘அக வருவாய் வீதம் குறைந்த அளவு வீதத்தை விட மிகுந்திருந்தால் ஏற்கலாம்’ என்ற விதி, குறி ஒரே முறை மாறும் திட்டங்களுக்கு உரியது. இங்கே அது செல்லாது. நாம் கேட்க வேண்டியது வேறு: 12 விழுக்காட்டில் நிகர நடப்பு மதிப்பு என்ன? ரூ. 2.68 கோடி மிகுதி. 60 விழுக்காடு என்ற எண் எழுப்பிய பெரும் எதிர்பார்ப்பு எங்கே, 100 கோடி முதலீட்டில் 2.68 கோடி எங்கே!

இத்துடனும் நின்றுவிடக் கூடாது. இத்திட்டத்தின் மொத்தச் செலவு ரூ. 268 கோடி, மொத்த வரவு ரூ. 265 கோடி. வரவை விடச் செலவு மிகுதியான திட்டம் 12 விழுக்காட்டில் ஆதாயமாகத் தோன்றுவது எப்படி? மூடும் செலவு கடைசியில் வருவதால் கழிவு வீதம் அதனைச் சுருக்கிக் காட்டுகிறது. வீதம் உயர உயர, பிற்காலச் செலவு சிறுத்துக்கொண்டே போகிறது. வரவின் ஒரு பகுதியை எடுத்து வைத்து, அதனை 12 விழுக்காடு ஈட்டும்படி வளர்த்து, அதிலிருந்து மூடும் செலவைச் செய்துவிடலாம் என்பதே இக்கணக்கில் மறைந்துள்ள அனுமானம்.

அந்த அனுமானத்தை வெளிப்படையாக எழுதிப் பார்ப்போம். ஓராண்டு கழித்து ரூ. 168 கோடி வேண்டும். எடுத்து வைக்கும் தொகை 12 விழுக்காடு ஈட்டுமானால் ரூ. 150 கோடியை ஒதுக்கினால் போதும். 265இல் 150 போக 115 எஞ்சும். 100 கோடி முதலீட்டுக்கு 115 கோடி. வீதம் 15 விழுக்காடு. ஒதுக்கிய தொகை வைப்புக் கணக்கில் 7 விழுக்காடு மட்டுமே ஈட்டுமானால் ரூ. 157 கோடியை ஒதுக்க வேண்டும். எஞ்சுவது 108, வீதம் 8 விழுக்காடு. இது 12ஐ விடக் குறைவு. 12 விழுக்காட்டில் மதிப்பிட்டால் ரூ. 3.58 கோடி இழப்பு. ஏற்கத்தக்கதாகத் தோன்றிய திட்டம் இப்போது நிராகரிக்கத்தக்கதாகிவிடுகிறது. 5 என்றும் 60 என்றும் கருவி காட்டிய இரு விடைகளிலும் இந்தச் செய்தி இல்லை.

இங்கே இன்னொன்றையும் காணலாம். மூடும் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கியவுடன், செலவு, வரவு என்று குறி ஒரு முறை மட்டுமே மாறுகிறது, விடையும் ஒன்றாகிவிடுகிறது. 2009இல் மத்திய நிலக்கரி அமைச்சகம் சுரங்கம் மூடும் திட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, இதற்கென ஆண்டுதோறும் தனிக் காப்புக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. நிலமும் நீரும் சீர்கெடாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. கணக்கு நோக்கிலும் அது நன்மையே. கடைசி ஆண்டின் பெருஞ்செலவை வரவு உள்ள ஆண்டுகளின் மீது அது பரப்பிவிடுகிறது. பணம் ஒதுக்கப்படாத சுரங்கத்தில் வரவு முடிந்த பின் மூடும் செலவை ஏற்பவர் யார் என்ற கேள்வி எழும். நிரப்பப்படாத குழியின் கரையில் வாழும் சிற்றூர் மக்களே பெரும்பாலும் அதனைத் தாங்க நேர்கிறது. கழிவு வீதம் சுருக்கிக் காட்டும் அந்த 168 கோடி அவர்களுக்குச் சுருங்குவதில்லை.

அலுவலர் கடைப்பிடிக்கத் தக்கவை

வரைபடக் கால்குலேட்டரின் சிறப்பு, சிக்கலுக்கான மருந்தும் அதிலேயே இருப்பதாகும். சால்வரை அழுத்துமுன் வரைபடத்தை வரைந்து பார்த்தால், வளைகோடு அச்சை எத்தனை இடங்களில் வெட்டுகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். கீழ்க்கண்ட ஒழுங்கை மாணவர்களும் அலுவலர்களும் பின்பற்றலாம்.

1. ஆண்டுவாரி நிகர வரவு செலவுகளை வரிசையாக எழுதி, குறி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுக. ஒரு முறைக்கு மேல் மாறினால் எச்சரிக்கை தேவை.

2. 0 முதல் 100 விழுக்காடு வரை நிகர நடப்பு மதிப்பின் வரைபடத்தை வரைக. அச்சை வெட்டும் இடம் ஒவ்வொன்றுக்கும் அருகில் ஊகத்தைக் கொடுத்து, விடைகளைத் தனித்தனியே காண்க. எல்லைகளையும் அவ்விடத்தைச் சுற்றிக் குறுக்குக.

3. எச்சத்தை அதன் அலகோடு படித்து, சுழியத்துக்குப் போதிய அளவு அருகில் உள்ளதா என்று பார்க்க. விடையை ஒரு முறை கையால் இட்டுச் சரிபார்க்க.

4. அக வருவாய் வீதத்தோடு, அரசு கொண்ட கழிவு வீதத்தில் நிகர நடப்பு மதிப்பையும் குறிப்பில் எழுதுக. விடைகள் பல இருப்பின், முடிவுக்கு நிகர நடப்பு மதிப்பையே அடிப்படையாகக் கொள்க.

5. இறுதி ஆண்டுச் செலவுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும், அது என்ன வீதத்தில் வளரும் என்பதை வெளிப்படையாக எழுதுக.

6. செலவு பத்து விழுக்காடு கூடினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டு, விடையைத் தேவையான இலக்கங்களோடு மட்டும் தருக.

பொது முதலீட்டு வாரியம் போன்ற அமைப்புகளின் பார்வைக்குச் செல்லும் குறிப்புகளில் அக வருவாய் வீதம் ஒரே ஓர் எண்ணாகத்தான் இடம்பெறுகிறது. மேல்நிலையில் இருப்போருக்கு அதன் பின்னால் உள்ள சமன்பாட்டைப் பார்க்க நேரம் இராது. அதனைப் பார்த்திருக்க வேண்டியவர் குறிப்பைத் தயாரித்த அலுவலரே.

வகுப்பில் இருந்த அந்த இரு அலுவலர்களும் வரைபடத்தை வரைந்து பார்த்த பின்னர், தம் குறிப்புகளைத் தாமே திருத்தி எழுதினர். இருவரும் எழுதிய முடிவு இம்முறை ஒன்றாகவே இருந்தது: மூடும் செலவுக்கான நிதி ஏற்பாட்டைத் தெளிவாக்கித் திட்டத்தை மீண்டும் அனுப்ப வேண்டும். கருவியிலிருந்து அந்த வாக்கியம் வந்திருக்க முடியாது. ஆயினும், கருவியைச் சரியாகப் படிக்கக் கற்றதனாலேயே அதனை அவர்களால் எழுத முடிந்தது.